மாலை வகுப்புக்குப் போகுமுன்: கொழும்பில் பரீட்சைப் பயிற்சி ஆசிரியராகப் பகுதிநேரம் உழைக்க எந்த வழி?

எங்கள் அலுவலகத்தில் அண்மையில் சேர்ந்த இளம் கணக்காளர் ஒருத்தி மதிய உணவு வேளையில் என்னிடம் வந்து அமர்ந்தாள். வெளிநாடு செல்வோர் எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் அவளுக்கு 9க்கு 8 புள்ளி கிடைத்திருந்தது. பம்பலப்பிட்டியில் அந்தப் பரீட்சைக்குப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம் மாலை வகுப்புகளுக்கு ஆசிரியர் தேடுவதாக அறிந்து விண்ணப்பித்திருந்தாள். அதே கிழமையில், கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியம்மா தம் மகனுக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தார். நிறுவனம் மணித்தியாலத்துக்குத் தருவதாகச் சொன்ன தொகையைவிடப் பெரியம்மா தருவதாகச் சொன்னது கணிசமாகக் கூட. “அக்கா, எதை எடுத்தால் நல்லம்?” என்று கேட்டாள்.

அவளுக்கு அன்று பாதி விடைதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பகலில் கணக்கு வேலையும் மாலையிலும் வார இறுதியிலும் பரீட்சைப் பயிற்சியுமாக ஒன்பது ஆண்டுகள் கழித்திருக்கிறேன். நிறுவனத்தில் கற்பித்தேன், வீடு வீடாகப் போனேன், சூம் வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தேன், இப்போது என் வீட்டிலேயே சிறு குழு ஒன்றை நடத்துகிறேன். பல்கலைக்கழகம் புகுவதற்கான உயர்தரப் பரீட்சையை எழுதும் மாணவருக்கான பெரிய மண்டப வகுப்பை மட்டும் நான் நடத்தியதில்லை. தமிழ்மொழி மூலம் கணக்கீடு கற்பிக்கும் என் தம்பியின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முழுநேர வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கிழமைக்கு ஆறு முதல் பத்து மணித்தியாலம் மட்டும் ஒதுக்கக்கூடியவர்களை மனதில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

மணித்தியாலக் கூலி என்னும் பொய்க்கணக்கு

பகுதிநேர ஆசிரியர் வேலையைத் தேடுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் ஒப்பிடுவது வகுப்பில் நிற்கும் மணித்தியாலத்துக்குக் கிடைக்கும் பணத்தைத்தான். ஆனால் நாம் உழைப்பது வகுப்பில் மட்டும் அல்ல. பஸ்ஸில் நிற்கும் நேரமும், முதல்நாள் இரவு வினாத்தாள் தேடும் நேரமும், ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுரைகளைத் திருத்தும் நேரமும் நம் வாழ்நாளிலிருந்துதான் போகின்றன. ஆகவே பெறும் தொகையிலிருந்து செலவைக் கழித்து, மிச்சத்தை உண்மையில் செலவான எல்லா மணித்தியாலங்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்களிடம் சொல்லப்பட்ட தொகையை அந்த இடத்தில் இட்டுப் பாருங்கள்.

ஒரு நிறுவனம் மணித்தியாலத்துக்கு 1,500 ரூபாய் தருகிறது என்று கொள்வோம். இரண்டு மணித்தியால வகுப்புக்கு 3,000 ரூபாய். வகுப்புக்காகக் கூடுதலாகும் பயணம் ஒன்றேகால் மணித்தியாலம், ஆயத்தம் ஒரு மணித்தியாலம், பன்னிரண்டு மாணவர்களின் கட்டுரைகளைக் கட்டுரைக்குக் கால் மணித்தியாலம் வீதம் திருத்த மூன்று மணித்தியாலம். மொத்தம் ஏழேகால் மணித்தியாலம். பஸ் கட்டணத்தைக் கணக்கில் எடுக்காமலே பார்த்தாலும், மணித்தியாலத்துக்குக் கையில் நிற்பது ஏறத்தாழ 414 ரூபாய். விளம்பரத்தில் பார்த்த தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வீட்டுக்குச் சென்று கற்பித்தால் மணித்தியாலத்துக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலத்துக்கு 3,750 ரூபாய் என்று எடுப்போம். மாலை நெரிசலில் போக வர இரண்டு மணித்தியாலம் கழியும். இருட்டிய பின் திரும்புவதற்கான ஆட்டோவையும் சேர்த்துச் செலவு 1,200 ரூபாய் ஆகலாம். ஆயத்தமும் திருத்தமும் சேர்ந்து ஒரு மணித்தியாலம். நாலரை மணித்தியாலத்துக்கு மிஞ்சுவது 2,550 ரூபாய், அதாவது மணித்தியாலத்துக்கு 567 ரூபாய். நிறுவனத்தைவிடக் கூட என்பது உண்மை. ஆனால் காதில் விழுந்த 1,500க்கும் 2,500க்கும் இடையிலிருந்த ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இங்கே நூற்றைம்பது ரூபாயளவாகச் சுருங்கிவிட்டதைக் கவனியுங்கள்.

இனி, உங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து பிள்ளைகள் இருக்கும் ஒரு குழுவை எடுங்கள். ஒருவரிடம் வகுப்புக்கு 1,000 ரூபாய் வாங்கினால் 5,000 ரூபாய். வகுப்பு இரண்டு மணித்தியாலம், ஆயத்தம் ஒன்று, ஆளுக்கு இரண்டு கட்டுரை வீதம் பத்துக் கட்டுரைகளைத் திருத்த இரண்டரை மணித்தியாலம். அச்சுப் பிரதிக்கும் மின்சாரத்துக்கும் 500 ரூபாயைக் கழித்தால், ஐந்தரை மணித்தியாலத்துக்கு 4,500 ரூபாய், மணித்தியாலத்துக்கு 818. பிள்ளை செலுத்துவது தனி வகுப்பைவிடக் குறைவு, அவருக்குத் திருத்திக் கிடைப்பது நிறுவனத்தைவிட இரு மடங்கு, ஆசிரியருக்கு மிஞ்சுவதும் கூட. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. கணக்கு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே என் சொந்த நேரத்துக்குக் கணக்கு எழுதாமல் இருந்தேனே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

நிறுவனம்

அப்படியானால் நிறுவனத்துக்கே போகவேண்டாம் என்று நான் சொல்லப் போவதாக நினைக்கலாம். இல்லை. முதல் ஆண்டை நிறுவனத்தில் கழிப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பரீட்சையில் நல்ல புள்ளி எடுப்பது ஒரு திறமை. இன்னொருவர் ஏன் அந்தப் புள்ளியை எடுக்கவில்லை என்று கண்டுபிடிப்பது முற்றிலும் வேறொரு திறமை. இரண்டாவதைப் பெறுவதற்குப் பல கைகளால் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான கட்டுரைகளைப் படிக்க வேண்டும். நிறுவனத்தில் ஒரே ஆண்டில் ஹட்டனிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தாதி, யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர், கொழும்பிலேயே ஆங்கிலமொழி மூலம் படித்து எழுத்தில் மட்டும் தடுமாறும் வங்கி ஊழியர், கணவருடன் சேர விசாவுக்குக் காத்திருக்கும் பெண் என்று எத்தனையோ விதமானவர்களின் எழுத்து நம் கைக்கு வரும். தமிழில் சிந்திப்பவர் ஆங்கிலத்தில் எங்கே சறுக்குவார் என்பது அங்கேதான் பிடிபடத் தொடங்கியது. நம் மொழியில் எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போய் இறுதியில் ஒரு வினைமுற்றைப் போட்டால் அழகான நீண்ட வாக்கியம் கிடைக்கும். அதே ஓட்டத்தில் ஆங்கிலம் எழுதும் மாணவர் முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய மூன்று இடங்களில் காற்புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஆங்கிலத்தின் ‘தி’ (the) என்னும் சொல்லுக்குத் தமிழில் நிகர் இல்லாததால், அதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதும் அவருக்கு விளங்குவதில்லை. சிவப்பு மையால் சுழித்துவிட்டால் இந்தப் பிழைகள் போகமாட்டா. ஏன் வருகின்றன என்று தமிழிலேயே விளக்கிச் சொல்லும்போது பலருக்கு ஒரே மாதத்தில் எழுத்துத் தெளிந்ததைக் கண்டிருக்கிறேன். கொழும்பில் தமிழ் ஆசிரியர் ஒருவருக்கு இருக்கும் உண்மையான பலம் இது. இதை அறியாமல் தங்கள் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி மட்டும் கவலைப்படும் புது ஆசிரியர்கள் பலர்.

நிறுவனத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான் முதலில் கற்பித்த இடத்தில் நியமனக் கடிதம் என்று எதுவும் தரப்படவில்லை. மாணவர் தொகை குறைந்தால் வகுப்பை அன்று பிற்பகல் மூன்று மணிக்கு நிறுத்துவார்கள்; அன்றைய கொடுப்பனவும் நின்றுவிடும். ஒருமுறை மூன்று மாதக் கொடுப்பனவு தாமதித்தது, கேட்கப் போனபோது என்னைக் காத்திருக்க வைத்த விதம் இன்றும் மனதில் நிற்கிறது. எனவே சேருமுன் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: வகுப்பு இரத்தானால் எவ்வளவு நேரத்துக்கு முன் அறிவிக்கப்படும், அறிவிக்கப்படாவிட்டால் என்ன கொடுக்கப்படும்; திருத்தும் வேலைக்குத் தனிக் கொடுப்பனவு உண்டா; உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, வெளியிலிருந்து வந்து போகும் வளவாளராக எடுக்கிறார்களா.

மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றும். ஊழியராக எடுத்தால், பகுதிநேரமானாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதமும் நிறுவனத்தின் பங்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் தரும் 3 சதவீதமும் சேர வேண்டும். வளவாளராக எடுத்தால் அவை எதுவும் இல்லை. கற்பித்தலுக்கான கொடுப்பனவு மாதத்துக்கு ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதத்தை வரியாகக் கழித்துக்கொண்டே தருவார்கள். அந்தக் கழிவுக்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டால் ஆண்டிறுதி வரிக்கணக்கில் அதை ஈடுசெய்யலாம். பொதுவாகவே பலர் மறப்பது ஒன்றுண்டு: 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி ஆண்டிலிருந்து தனிநபருக்கான விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய், ஆனால் அந்த 18 இலட்சத்தைப் பகல் வேலையின் சம்பளமே நிரப்பிவிட்டால் மாலை வகுப்பின் முதல் ரூபாயிலிருந்தே வரி விழும். முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று அது ஏறிக்கொண்டு போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். “7 புள்ளி உத்தரவாதம்” என்று பதாகை போடும் இடத்தில் உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். புள்ளி இடுபவர் நாம் அல்ல. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு, நம் கையில் இல்லாத ஒன்றை வாக்களிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. அத்தகைய இடங்களில் மனப்பாடக் கட்டுரைகளைக் கொடுத்து எழுதச் சொல்வதும் வழக்கம். ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சகர்கள் மனப்பாடமாக ஒப்பித்த விடையைக் கண்டால் புள்ளியைக் குறைப்பார்கள் என்பதால், அது மாணவருக்கு நேரடியாகத் தீங்கு செய்கிறது.

மண்டப வகுப்பு

உயர்தரத் தனியார் வகுப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லப் போகிறேன், ஏனெனில் அதைப் பகுதிநேர வேலை என்று நான் கருதவில்லை. தியரி வகுப்பு, ரிவிஷன் வகுப்பு, பேப்பர் வகுப்பு என்று மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் டியூட் எனப்படும் அச்சடித்த பாடக் குறிப்பு, இடத்தைத் தரும் நிறுவனத்துக்குக் கட்டணத்தில் ஒரு பங்கு, வாயிலில் கட்டண அட்டை பார்க்க இருவர் என்று அது ஒரு தொழிலாகவே நடக்கிறது. பெயர் நிலைக்குமுன் பல ஆண்டுகள் பத்துப் பேருடன் நடத்த வேண்டியிருக்கும். நிலைத்தபின் அதுவே முழுநேரம் ஆகிவிடும். என் தம்பி பகல் வேலையை விட்டுவிட்டான்.

வருமானம் வரும் மாதங்களும் நம் கையில் இல்லை. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியில். திகதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் ஆண்டு முழுவதும் தள்ளிப்போகும். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து அது முடியும்வரை வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் அனைத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்வதும் உண்டு. ஆனாலும் இந்த வழியில் நான் மதிக்கும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வசதியில்லாத பிள்ளைக்குக் கட்டணமில்லாத அட்டை கொடுக்கும் வழக்கம் நம் தனியார் வகுப்புகளில் இன்றும் இருக்கிறது. நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் பத்துப் பேருக்கு அதைக் கொடுக்க முடியும். ஐந்து பேர் இருக்கும் என் முன்னறையில் ஒருவருக்குக் கொடுப்பதே பெரிது.

வீட்டுக்குச் சென்று கற்பித்தல்

மூன்று ஆண்டுகள் நான் இதைச் செய்தேன். கோட்டையிலிருந்து கரையோர இரயிலைப் பிடித்தால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று காலி வீதி நெரிசலைத் தொடாமல் போய்விடலாம். ஆகவே கடற்கரையை ஒட்டிய வீடுகள் தாங்கக்கூடியவை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளைப் பக்கம் அந்த வசதி கிடையாது. அலுவலகத்திலிருந்து மாலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்குத்தான் பாடம் தொடங்கும். பிள்ளையும் களைத்திருப்பான், நானும் களைத்திருப்பேன்.

இந்த வழியின் நன்மை நெருக்கம். பிள்ளை படிக்கும் மேசை, அருகில் ஓடும் தொலைக்காட்சி, தாய் சொல்லும் ஒரு வார்த்தை எல்லாம் அவன் ஏன் பின்தங்கினான் என்பதைக் காட்டிவிடும். தீமையும் அதே நெருக்கம்தான். “மிஸ், இன்றைக்கு அவனுக்குத் தலையிடி, நாளைக்கு வாங்கோ” என்று வாசலில் சொல்லும்போது கட்டணம் கேட்க நா எழாது. உறவினர் வீடென்றால் இன்னும் கடினம். பெரியம்மாவிடம் இரத்தான வகுப்புக்கு எந்தப் பிள்ளை காசு கேட்கும்? பெண்களுக்கு இரவுப் பயணம் என்னும் கேள்வியும் இருக்கிறது. போகும் வீட்டாரை உங்களுக்கு முன்பே தெரிந்த ஒருவராவது அறிந்திருக்க வேண்டும் என்பதை நான் கட்டாய விதியாகவே வைத்திருந்தேன்.

இணையம் வழியாக

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லோரும் சூமுக்குப் போனோம். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கள் கழிந்தபோதும் அதுவே கைகொடுத்தது, மின்வெட்டு இல்லாத மணித்தியாலங்களில். உள்ளூர் மாணவருக்குச் சூம் வகுப்பு நடத்துவதில் ஆசிரியருக்குப் பயணம் மிச்சம், ஆனால் கட்டணமும் குறையும். பதிவுசெய்த காணொளியை நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற கவலையும் உண்டு.

வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கற்பிப்பது வேறு கதை. இங்கிலாந்தில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பாடசாலைகளுக்கான ‘லெவன் பிளஸ்’ தேர்வுகள் பெரும்பாலும் செப்டெம்பரில், ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் நடக்கின்றன. அங்குள்ள நம்மவர்கள் பலர் அதற்கு ஓர் ஆண்டு முன்பே ஆசிரியர் தேடத் தொடங்குவார்கள். கணிதமும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த கொழும்பு ஆசிரியருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் நேரத்தைப் பாருங்கள். இலண்டனில் பிள்ளை பாடசாலை விட்டு வந்து மாலை ஆறு மணிக்கு அமர்ந்தால், கோடையில் இங்கே இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. மறுநாள் காலை எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவருக்குக் கிழமை நாட்களில் இது கட்டுப்படியாகாது; சனி, ஞாயிறு அவர்களின் காலை நமக்குப் பிற்பகல் என்பதால் அதுவே தகும். ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. மெல்பேர்ணில் மாலை ஐந்து மணி நமக்கு நடுப்பகல் அளவில் வருவதால், பகல் வேலை இருப்பவர் அவுஸ்திரேலியாவுக்கும் வார இறுதியில்தான் கற்பிக்க முடியும்.

பவுணிலும் டொலரிலும் கட்டணம் வருவதால் தொகை பெரிதாகத் தெரியும். முன்பு அத்தகைய சேவை வருமானத்துக்கு வரிவிலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கும் வரி உண்டு, உச்சவீதம் 15 சதவீதம். வங்கி வழியாகவே பணத்தைப் பெற்றுப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். உறவினரின் கணக்குக்குப் போட்டுவிட்டு இங்கே கையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எளிதாகத் தோன்றினாலும், பின்னர் வீட்டுக் கடனுக்கு வங்கியில் வருமானம் காட்டும்போது அந்தப் பணம் இல்லாத பணமாகிவிடும்.

எந்தப் பரீட்சைக்கு?

இடத்தைப் போலவே பரீட்சையும் தெரிவுக்குரியது. நான் ஐ.ஈ.எல்.டி.எஸ். பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்கவில்லை. கொழும்பில் பிரிட்டிஷ் கவுன்சிலும் ஐ.டி.பி.யும் அதை நடத்துவதால் மாணவர் ஆண்டு முழுவதும் வருகிறார்கள். பெறுபேறு இரண்டு ஆண்டுகளே செல்லுபடியாவதால் திரும்பி வருபவர்களும் உண்டு. கேட்டலும் வாசிப்பும் தலா நாற்பது வினாக்கள். விடைப்பட்டியலை வைத்து மாணவரே திருத்திக்கொள்ளலாம். ஆசிரியரின் உழைப்பு முழுவதும் எழுத்திலும் பேச்சிலும் இருக்கிறது. எழுத்தில் 150 சொல்லில் ஒன்று, 250 சொல்லில் ஒன்று என இரண்டு பணிகள், ஒரே மணித்தியாலம்; இரண்டாவதற்கு முதலாவதைவிட இரு மடங்கு எடை. கல்விப் பிரிவில் முதற்பணி வரைபட விவரிப்பு, பொதுப் பிரிவில் கடிதம். ஒரே வகுப்பில் இரு பிரிவினரையும் சேர்த்து அமர்த்தும் நிறுவனம் என்றால் உங்கள் ஆயத்த நேரம் ஒன்றரை மடங்காகும், அதையும் கேட்டறியுங்கள்.

பி.டி.ஈ.யும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைதான், ஆனால் பெரும்பாலும் கணினியே புள்ளியிடும். மாணவருக்குத் தேவை ஒலிவாங்கியும் கணினியும் பழக்கமும். திருத்தும் சுமை ஆசிரியருக்குக் குறைவு, ஆனால் நமக்கே அந்தக் கணினித் தளம் நன்கு பழகியிருக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.ஏ.டி. கொழும்பில் சிறிய வட்டம், பெரும்பாலும் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள். 2023 மார்ச்சிலிருந்து நமக்கு அது முற்றிலும் கணினிவழிப் பரீட்சை. 2 மணித்தியாலம் 14 நிமிடம், முதற்பகுதியில் எப்படிச் செய்தார் என்பதைப் பொறுத்து அடுத்த பகுதியின் கடினம் மாறும். கான் அகாடமி இணையத்தளத்தில் பயிற்சி இலவசமாகவே கிடைப்பதால், அந்தப் பெற்றோர் நம்மிடம் தேடுவது வினாத்தாளை அல்ல. பிள்ளையின் பலவீனம் எங்கே என்று சொல்லக்கூடிய ஒருவரை. பட்டமேற்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ., ஜிமாட் இரண்டும் 2023இல் சுருக்கப்பட்டு இரண்டு மணித்தியாலத்தை ஒட்டிய பரீட்சைகளாகிவிட்டன. அவற்றுக்கு வருபவர்கள் வேலை பார்க்கும் பட்டதாரிகள். கட்டணத்தில் பேரம் பேசமாட்டார்கள், ஆனால் எட்டு வகுப்பில் போய்விடுவார்கள், அடுத்தவர் எப்போது வருவார் என்று தெரியாது. 2023க்கு முன் வெளிவந்த பயிற்சி நூல்களை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் கற்பிக்க முற்படுவது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆளுக்கு ஏற்ற வழி

கற்பித்தலில் முன்னனுபவம் இல்லாதவர் ஓர் ஆண்டு நிறுவனத்தில் இருக்கட்டும். அந்த ஆண்டின் 414 ரூபாயைக் கூலியாக அல்ல, பயிற்சிக் காலக் கொடுப்பனவாகக் கொள்ளட்டும். அதன்பின், வீட்டில் ஐந்து நாற்காலி போட இடமுள்ளவர் சிறு குழுவுக்கு மாறலாம். மேல் மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் முதலில் அயலாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. படிக்கட்டில் செருப்புகள் குவியும்போது வரும் முகச்சுளிப்பை நான் அனுபவித்திருக்கிறேன். வீட்டில் இடமில்லாதவருக்கு, கணிதம் கைவந்தவராயின், வார இறுதி இணைய வகுப்பு பொருந்தும். வீட்டுக்குச் சென்று கற்பிப்பதை ஒரே ஒரு நிலையில்தான் பரிந்துரைப்பேன்: அந்த வீடு உங்கள் அலுவலகத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடைப்பட்ட வழியில் இருக்க வேண்டும்.

சிறு குழுவுக்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு எளியது. முதல் நாள் கட்டணமில்லாமல் ஒரு முழு எழுத்துத் தாளைச் செய்விப்பேன். அதைத் திருத்திவிட்டு, இரண்டு மாதத்தில் முடியுமா, ஆறு மாதம் தேவையா என்று உள்ளபடி சொல்வேன். ஆறு மாதம் என்று கேட்டு எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் வேறு இடத்தில் பணம் செலவழித்துவிட்டுத் திரும்பி வந்ததும் உண்டு. எட்டு வகுப்புக்கான கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவேன். இடையில் நிறுத்துபவருக்கு மிச்ச வகுப்புகளின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வகுப்புக்கு முந்திய நாள் காலைக்குள் சொல்லாமல் வராதவருக்கு அந்த வகுப்பு கழியும். இதைச் சேரும் அன்றே பெற்றோரிடமும் சொல்லிவிடுவதால் பின்னர் மனத்தாங்கல் வருவதில்லை.

அலுவலகத்துத் தங்கச்சி கடைசியில் நிறுவனத்தையே எடுத்தாள், செவ்வாயும் வியாழனும். சேருமுன் திருத்தும் வேலைக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்டாள். முதலில் மறுத்தவர்கள், ஒரு கிழமை கழித்துக் கேட்டதைவிடச் சற்றுக் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டு கடிதத்திலும் எழுதிக்கொடுத்தார்கள். பெரியம்மாவின் மகனுக்கு அவள் கொட்டாஞ்சேனைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவன் தன் நண்பர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு 155ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு அவளிடம் வருகிறான்.